கருப்பு வைக்கோல்

ஜனவரி 6, சனி

இன்றும் தலையை இடித்துக்கொண்டேன். இந்த வீட்டுக்கு வந்து மாதங்கள் ஓடிவிட்டன, உத்தரம் எங்கே தாழ்ந்திருக்கிறது என்பது என் நெற்றிக்கு இன்னும் பாடமாகவில்லை. நான் பார்த்துக்கொள்கிற வீட்டம்மா ரோஸ்மேரியின் ஓட்ஸ் கஞ்சியை எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போகும்போது ணங்கென்று ஒரு அடி. கஞ்சி பாதி தரையில், பாதி என் மேல். ரோஸ்மேரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கை நடுக்க வியாதிக்காரி, சிரித்தால் உடம்பே சேர்ந்து ஆடும். "அந்தக் காலத்துல எல்லாரும் குள்ளமா இருந்தாங்க குணா. நீ குனிஞ்சி நடக்கக் கத்துக்கோ" என்றார்.

அவர் பேசுவது இங்கிலீஷ்தான். எழுத உட்கார்ந்தால் எங்கள் வந்தவாசிப் பேச்சாகத்தான் வருகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன், படிக்கப்போவது நான்தானே.

எங்கள் கூரை வீட்டைப் பிரித்துப்போட்டு கான்கிரீட் தளம் ஒட்டிவிடலாம் என்றுதான் நர்ஸ் படிப்பைத் தூக்கிக்கொண்டு இத்தனை தூரம் வந்தேன். ஏஜென்சிக்காரர்கள் கொண்டுவந்து விட்ட இடமும் கூரை வீடு. இங்கிலாந்தில் டெவன் என்கிற இந்தச் சீமையில் கூரை வீடு என்றால் வசதியானவர்கள் வீடாம். இடிக்கக் கூடாது, ஓடு போடக் கூடாது, ஒரு ஜன்னலை மாற்றுவதென்றாலும் கவுன்சிலைக் கேட்க வேண்டும். எங்கள் ஊரிலும் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் என் மாமியார் கவுன்சில் வாசலில் மண்ணை வாரித் தூற்றியிருப்பார்.

சுவர் மண்சுவர். மண்ணையும் வைக்கோலையும் சாணியையும் மிதித்துக் குழைத்து, கல் அடித்தளத்தின் மேல் அடுக்கடுக்காக எழுப்பியிருக்கிறார்கள். தடிமன் எப்படியென்றால், ஜன்னல் குழிக்குள் ஏறிக் காலை மடக்கி உட்காரலாம். முன்வாசலும் பின்வாசலும் நேருக்கு நேர், நடுவில் ஒரு நடை. நடைக்கு இந்தப் பக்கம் மனுஷர், அந்தப் பக்கம் மாடு, இரண்டுக்கும் ஒரே கூரை. மாடுகள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மாட்டுப் பக்கம் மட்டும் தரை சரிந்து போகிறது, மூத்திரம் வெளியே ஓடுவதற்கு. கூடத்தில் ஆள் உள்ளே நிற்கிற அளவுக்கு அடுப்பு. கூரையைத் தாங்குகிற மரங்கள் சுவரிலிருந்தே வளைந்து எழும்பி முகட்டில் போய்ச் சேர்கின்றன. வளைந்த மரமாகத் தேடி வெட்டி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று நிறுத்தினார்களாம். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் கூரை கூரைதான்.

ஜனவரி 10, புதன்

பின்பக்கக் கூரையில் வேலை நடக்கிறது. வேய்கிறவர் பெயர் க்ளைவ். ஐம்பதைத் தாண்டியவர், வாய் ஓயாது, தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பார். சாரம் கட்டி, மழைக்கு மேலே தகரம் போட்டுக்கொண்டு தனியாளாகவே செய்கிறார். நான் ஏலக்காய் தட்டிப்போட்டுப் பாலில் காய்ச்சுகிற டீ என்றால் உயிர். "எம் பொண்டாட்டி ஜீன் கிட்ட மட்டும் சொல்லிடாத குணா. இத குடிச்சப்புறம் அவ டீ எறங்கல" என்கிறார்.

இங்கே கூரையை முழுதாகப் பிரிப்பதில்லை. மேலே மக்கினதை மட்டும் சீவி எறிந்துவிட்டு, இருப்பதன் மேலேயே புதுசை வேய்கிறார்கள். அதனால் அடி வைக்கோல் வீடு கட்டின நாளிலிருந்து அப்படியே கிடக்கும். ஒரு மரம் முறிந்துபோனதால் இந்த வீட்டில் கொஞ்ச இடத்துக்கு அதையும் இறக்க வேண்டியதாகிவிட்டது. இன்று இறக்கினார். கரி மாதிரிக் கருப்பு. பிரசவ வார்டில் ஆயா பிள்ளையைத் தூக்கிவருவாளே, அப்படி அணைத்துக்கொண்டு ஏணியில் இறங்கினார். மாட்டுப் பக்கத்தில் பலகை போட்டு அடுக்கினார். நான் டீ கொடுக்கப் போனபோது அதைப் பற்றி நெடுநேரம் பேசினார். ரோஸ்மேரிக்கு மாத்திரை கொடுக்கிற நேரம், தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ரோஸ்மேரிக்கு நகம் வெட்டினேன். நெல்லிக்காய் ஜாம் பாட்டிலைத் திறக்க நாங்கள் இருவரும் சேர்ந்து மல்லுக்கட்டினோம்.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. இருட்டோடு எழுந்து பின்பக்கத்தில் கொளுத்தினேன். ஊரில் எல்லாரும் கொளுத்தி முடித்து, குளித்து, சாப்பிட்டே ஆகியிருக்கும். மகள் யாழினி வீடியோவில் வந்தாள். என் பிய்ந்த செருப்பு, கிழிந்த துண்டு, ரோஸ்மேரி தூக்கியெறியச் சொன்ன கூடை, இவ்வளவுதான் எரிக்க இருந்தது. க்ளைவ் சீவித் தள்ளிய மக்கல் வெளியே மலையாகக் கிடக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அது மழையில் ஊறிப்போய், புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. பிறகு உள்ளே காய்ந்து கிடந்ததில் கொஞ்சம் எடுத்துவந்து போட்டேன். பிடித்துக்கொண்டது.

என் வீட்டுக்காரர் ஏழுமலை யாழினியின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா குணா, கேட்டுட்டுதான எரிக்கிற?" என்றார். குப்பைதான் என்றேன்.

ரோஸ்மேரி எழுந்திருப்பதற்குள் சாம்பலை வாரிக் காய்கறிப் பாத்தியில் போட்டுக் கொத்திவிட்டேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல் பொங்கிற்று. ரோஸ்மேரி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மழை, க்ளைவ் வரவில்லை.

ஜனவரி 17, புதன்

க்ளைவ் வந்தார். காலையில் மாட்டுப் பக்கத்துக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு சமையலறைக் கதவில் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"குணா, உள்ள பலகை மேல வெச்சிருந்தேனே, கருப்பு வைக்கோலு. பாத்தியா?"

"இல்லியே" என்றேன்.

வாய் முந்திக்கொண்டது. நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், கையெல்லாம் மாவு, ரோஸ்மேரி வேறு மணியடித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். வைக்கோல்தானே. வேறு வைக்கோல் இல்லாமலா போய்விடும்?

ஜனவரி 18, வியாழன்

சொல்லவில்லை. ரோஸ்மேரிக்குப் பல் டாக்டர்.

ஜனவரி 23, செவ்வாய்

வைக்கோலைக் காணோமென்று க்ளைவே சொல்லியிருந்தார், பழைய கட்டடங்களுக்கென்று கவுன்சிலில் இருக்கும் அதிகாரியம்மா வந்தார். முட்டிவரை ரப்பர் பூட்ஸ், மெல்லிய குரல். கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம், இப்படி மெதுவாகப் பேசுகிறவர்களிடம்தான் பயம்.

அவர் சொன்னதிலிருந்து எனக்கு விளங்கியது இது. இந்த வீட்டைக் கட்டினபோது புகைபோக்கி கிடையாது, மாடி கிடையாது. தரையிலிருந்து முகடு வரைக்கும் ஒரே கூடம், நடுத்தரையில் நெருப்பு. புகை எழும்பி வைக்கோலுக்குள் புகுந்து கசிந்து வெளியே போகும். தலைமுறை தலைமுறையாக அப்படிப் புகை குடித்த கூரை. அப்புறம் யாரோ புகைபோக்கி கட்டி, குறுக்கே பலகையடித்து மாடி போட்டார்கள். அதோடு புகை மேலே போவது நின்றது. கருப்பு மட்டும் அப்படியே தங்கிவிட்டது. புகை ஏறினதால் பூச்சி தொடவில்லை, கெடவில்லை. ஐந்நூறு வருஷத்துக் கதிர், கதிரோடு அறுத்துவந்த களையின் விதைகூட உதிராமல் இருந்ததாம். அந்த மாதிரிப் பயிரை இப்போது யாரும் விதைப்பதில்லையாம். படித்தவர்கள் வந்து பார்த்த பிறகு அதையே திரும்ப மேலேற்றிக் கட்டுவதாகச் சொல்லித்தான் அனுமதி வாங்கியிருக்கிறார்கள்.

"உங்க பொறுப்புல இருந்திச்சி, க்ளைவ்" என்றார் அந்த அம்மா. கோர்ட்டுக்குப் போனாலும் போகலாமாம். முடிவாகும்வரை இந்த வீட்டை மட்டும் ஒழுகாமல் மூடிவிட்டு, பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வேறு எந்த வீட்டிலும் க்ளைவ் கை வைக்கக் கூடாது. இந்த வட்டாரத்தில் அந்தப் பட்டியலில் இல்லாத கூரை எங்கே இருக்கிறது? ரோஸ்மேரியும் விடவில்லை. "உன்ன நம்பித்தான க்ளைவ் வுட்டேன்" என்றார். க்ளைவ் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் டீ கொண்டுபோனேன். தட்டில் கோப்பைகள் கடகடவென்று ஆடின. "இன்னாடி இது, என் வியாதி உனக்கும் ஒட்டிக்கிச்சா?" என்றார் ரோஸ்மேரி. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படிக் கத்துவான்?

போகியன்று "கொஞ்சம்" என்று எழுதியிருக்கிறேன். கொஞ்சம் இல்லை, முழுசும்தான். "உள்ளே காய்ந்து கிடந்தது" என்றும் எழுதியிருக்கிறேன். கிடக்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது.

ஜனவரி 28, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் யாழினி வாய்விட்டுப் பாடம் படிப்பது கேட்டது.

"வாய மூடிக்கினு இரு" என்றார். "அவரு அந்த ஊர்க்காரரு, எப்படியும் பொழச்சிக்குவாரு. உன் வேலை போச்சின்னா விசா போச்சி. விசா போச்சின்னா நாம இன்னா பண்றது, சொல்லு."

"பாவமா இருக்குதுங்க."

"எனக்கு மட்டும் இல்லியா? உனக்காகத்தான் சொல்றேன்."

இந்தப் பதிலை வாங்கத்தான் போன் போட்டேன் போலிருக்கிறது. கேட்டதும் மனசு லேசாகிவிட்டது. சாயங்காலம் அந்த லேசையே பிடிக்கவில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

க்ளைவ் வேனிலிருந்த சாமான் எல்லாவற்றையும் புல்லின் மேல் இறக்கிப்போட்டுத் தேடினார். கோணி, கயிறு, கூரைக் குச்சிகள், பழைய மழைக்கோட்டு. பிறகு குப்பை கொட்டுகிற இடத்துக்கு ஓட்டிப் போய் அங்கேயும் கிளறிவிட்டு வந்தார். முழங்கால் வரை சேறு.

"நானேதான் குப்பையோட குப்பையா வாரிப் போட்டிருக்கணும்" என்றார். "வேற யாரு இங்க வர்றா? நீ, நானு, ரோஸ்மேரி. அதான."

அந்த மூன்று பேரில் என்னை ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை அந்த மனுஷன். சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பேன். இல்லை, இதுவும் சமாளிப்பு. ஒரு தடவை கேட்டார்தானே, பார்த்தாயா என்று.

டீயில் சர்க்கரை ஒரு கரண்டி அதிகம் போட்டுக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் சர்க்கரையிலா கஞ்சத்தனம் பார்ப்பாள்?

பிப்ரவரி 4, ஞாயிறு

துணி துவைத்தேன். காயவில்லை.

பிப்ரவரி 7, புதன்

இன்று நடந்ததை எழுதாமல் இருக்கத்தான் பார்த்தேன்.

மத்தியானம் ரோஸ்மேரி தூங்கினதும் க்ளைவ் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தார். எப்போதும் வாசலிலேயே நின்று குடித்துவிட்டுப் போகிறவர். பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்திருந்தார். ஒரு காலுறையில் ஓட்டை.

"நீ நர்ஸு. உன்ன ஒண்ணு கேக்கணும். மறதி வியாதி மொதல்ல எப்படி ஆரம்பிக்கும்?"

யாருக்கு என்றேன்.

"தார்ப்பாயப் போட்டுக் கட்டினது நல்லா ஞாபகம் இருக்கு. பிரிச்சது ஞாபகத்துல இல்ல. எங்கப்பனும் இப்படித்தான். பாதி இருக்கும், பாதி இருக்காது. தன்னோட ஷூவ அடுப்புக்குள்ள வெச்சிட்டு, எவன்டா வெச்சதுன்னு எங்கம்மாவ அடிக்கப் போவாரு. அப்ப அவருக்கு என் வயசுதான்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, க்ளைவ், உங்களுக்கு ஒன்றுமில்லை, எரித்தவள் நான் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகிவிடும்? நான் சொன்னது, "சரியாத் தூங்கலன்னாலும் மறக்கும். ரெஸ்ட் எடுங்க" என்பது. நர்ஸ் குரலில் சொன்னேன். அந்தக் குரல் எனக்கு நன்றாக வரும், சாகிறவர்களிடம்கூட அதை வைத்துச் சமாளித்திருக்கிறேன். அவர் தலையாட்டினார். தேங்க்ஸ் சொன்னார்.

சீ, என்ன ஜென்மம் இது.

தெரியாமல் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவும் முழு உண்மையில்லை. அவர் அந்த வைக்கோலைப் பற்றிப் பேசினபோது ஐந்நூறு வருஷம் என்றது காதில் விழுந்தது, புரியவும் புரிந்தது. போகியன்று யாழினி போனில் முதலில் சொன்ன விஷயம், வகுப்பில் அவளைக் கூரை வீட்டுக்காரி என்று கூப்பிடுகிறார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. இங்கே கூரையைப் பிள்ளை மாதிரி தார்ப்பாய் போட்டுப் போர்த்தி வைக்கிறான், அங்கே அதே கூரைக்காக என் பிள்ளை தலைகுனிகிறாள். உள்ளே போனேன். கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தார், முடிச்சு விரலுக்கு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தேன். எரியட்டும் என்றுதான் எரித்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

ரோஸ்மேரியைக் குளிப்பாட்டும்போது சொல்லிவிட்டேன். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லை, முதுகு தேய்க்கும்போது சொன்னேன். முதுகும் கேட்டது, அசையவில்லை. தண்ணீருக்குள் அவர் கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இத யார் யார் கிட்ட சொல்லியிருக்க?"

"எங்க வீட்டுக்காரர் கிட்ட மட்டும்."

"அதோட நிறுத்திக்கோ."

"க்ளைவ் பாவம், அவரு தனக்கு..."

"தெரியும். என் கிட்டயும் சொன்னான்." என்றார். "நீ பண்ணா நான் பண்ண மாதிரி. வீடு என்னுது, கவுன்சில்காரங்க என்னத்தான் புடிப்பாங்க. ஏஜென்சி உன்னத் திருப்பி அனுப்பும். க்ளைவுக்குப் பொண்டாட்டி இருக்கா, இன்ஷூரன்ஸ் இருக்கு. நீ போயிட்டா எனக்கு யாரு பட்டன் போடுவா?"

அவருக்கு அழுகை வந்துவிட்டது. நான் இதுவரை அவர் அழுது பார்த்ததில்லை. துண்டைச் சுற்றித் தூக்கி உட்காரவைத்தேன்.

பிப்ரவரி 10, சனி

வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார், முதலாளியம்மாவும் சொல்லிவிட்டார். இனி என் மேல் தப்பில்லை என்று எழுதிப் பார்க்கிறேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

க்ளைவ் கூரையில் ஏறுவதை நிறுத்திவிட்டார். பக்கத்து ஊரிலிருந்து இன்னொருவரைக் கூலிக்குக் கூட்டிவந்திருக்கிறார். அந்த ஆள் மேலே வேய்கிறான், இவர் கீழே நின்று வைக்கோல் கட்டை எடுத்துக் கொடுக்கிறார். காலையில் ஏணியில் கால் வைத்தார், கொஞ்சம் ஏறினார், இறங்கிவிட்டார். "மேல போயி, எதுக்கு வந்தேன்னு மறந்துட்டா?" என்று ஜோக் மாதிரி சொன்னார். அவரே சிரிக்கவில்லை.

கீழே கட்டுக்கு ஒவ்வொரு முடிச்சு போட்டதும் போனில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார், தான்தான் கட்டினோம் என்பதற்கு. பார்க்க முடியவில்லை, உள்ளே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் ஞாபகப் பரிசோதனையாம். "ஜீன் அழுவுறா. எம் பொண்ணுக்கும் சொல்லிட்டேன். குடும்பத்துல வர்ற வியாதின்னா அவளுக்கும் தெரியணும் இல்ல?" என்றார்.

அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. போன வருஷம்தான் கல்யாணம் ஆனதாம்.

பிப்ரவரி 19, திங்கள்

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், இந்தத் தடவையாவது.

காலையில் ரோஸ்மேரிக்கு மேல்சட்டை பட்டன் போட்டுவிட்டு, "நான் க்ளைவ் கிட்ட சொல்லப் போறேம்மா" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கதவச் சாத்திட்டுப் போ, குளிருது" என்றார். விசா போனால் போகட்டும் என்று வீராப்பு பேசத் தெரியவில்லை எனக்கு. படி இறங்கினேன். தளம் ஒட்டாத வீடு கண் முன்னால் வந்து நின்றது, யாழினி வந்து நின்றாள்.

க்ளைவ் மாட்டுப் பக்கத்தில் ஒரு வைக்கோல் கட்டின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். டீயைக் கையில் கொடுத்தேன். கொடுத்த கையோடு சொன்னேன்.

"க்ளைவ், உங்களுக்கு மறதி இல்ல. அத எரிச்சது நான். எங்க ஊர்ல போகின்னு ஒரு நாளு, பழசயெல்லாம் எரிப்போம். அன்னிக்கி எரிச்சிட்டேன். நீங்க கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ நல்ல பொண்ணு குணா. எங்கப்பனுக்கும் நர்ஸுங்க இப்படித்தான் சொல்லுவாங்க. 'நீங்க மறக்கல, நாங்கதான் எடுத்து வெச்சோம்'னு. அவருக்கு ஆறுதலா இருக்கட்டும்னு. எனக்கு அது வேணாம்."

"ஆறுதலுக்குச் சொல்லல. நெசமாத்தான் சொல்றேன்."

"சரி, சரி."

எனக்கு வந்ததே கோபம். இத்தனை நாளும் பொய் சொன்னேன், அத்தனையும் நம்பினார். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் கையைத் தட்டிக் கொடுக்கிறார். ஒரு நொடி, கடவுளே, ஒரே ஒரு நொடி, அப்படியே விட்டுவிடலாம் என்றும் தோன்றிற்று. சொல்லியாயிற்று, நம்பாதது அவர் பாடு. அந்த நினைப்பு வந்ததும் என் மேலேயே அருவருத்துப்போய் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"கேளுங்க. மொதல்ல அது எரியவே இல்ல. நுனியில தார் மாதிரி கசிஞ்சி கொதிச்சிது. சொட்டுச் சொட்டா வடிஞ்சிது. புகை வெள்ளையா வரல, மஞ்சளா, கனமா, தரையோட தரையா ஓடிச்சி. புகை போட்ட மீன் மாதிரி ஒரு நாத்தம். எரிஞ்சி முடிஞ்சும் தாளு தாளா மடிஞ்சி நின்னுச்சி, கொம்பால அடிச்சாத்தான் ஒடைஞ்சிது. என் தலைமுடில அந்த நாத்தம் எத்தனை தடவ அலசியும் போவல. வெளிய கெடக்கிற மக்கல எரிச்சா அப்படியா எரியும்? நீங்க சொல்லுங்க, நீங்கதான கூரைக்காரரு."

அவர் கையிலிருந்த கோப்பை அசையாமல் நின்றுவிட்டது.

"தரையோட ஓடிச்சா?" என்றார்.

"ஆமா."

"மஞ்சளா?"

"ஆமா. சாம்பலக் காய்கறிப் பாத்தியில கொட்டினேன். தோண்டினா தார்க் கட்டி இன்னும் கெடக்கும், வாங்க காட்டறேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் போட்டார்.

"ஜீன்" என்றார். "நான் இல்ல ஜீன். நான் இல்ல. எனக்கு ஒண்ணும் இல்ல." மறுபக்கம் என்ன சொன்னார்களோ. "பொண்ணுக்குப் போன் பண்ணு. இப்பவே பண்ணு" என்றார்.

போனை வைத்தார். மேலே அந்தக் கூலியாள் கூரையைத் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. க்ளைவ் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன், அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத்தன நாளும் எனக்கு டீ போட்டுக் குடுத்தியே" என்றார்.

கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு ஏணிப் பக்கம் நடந்தார்.